வால் முளைத்த வெள்ளி: ஹான்லேயில் ஒரு வால்மீனைத் தேடிய நாள்கள்

10 அக்டோபர் 2024, வியாழக்கிழமை – லே

வானம் பார்க்கக் கிளம்புகிறவன் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது அலுவலக விடுமுறைப் பட்டியலை. ஆயுத பூசையும் விஜயதசமியும் ஞாயிறோடு ஒட்டிக்கொண்டு வந்ததைக் கண்டு மகிழ்ந்து, முன்னும் பின்னும் சில நாள் விடுப்பைச் சேர்த்துச் சீட்டும் எடுத்த பிறகுதான், 17ஆம் தேதி பௌர்ணமி என்பது உறைத்தது. லடாக்கின் ஹான்லே இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகம்; அந்த இருட்டைத் தேடி இவ்வளவு தூரம் போகிறவன், வளர்பிறை நிலவின் கீழ் நிற்பதற்குப் பணம் கட்டியிருந்தேன்.

தேடிப் போனது சூச்சின்ஷான்-அட்லஸ் என்னும் வால்மீன். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் ஊதாமலை வானாய்வகமும் தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் தனித்தனியே கண்டுபிடித்ததால் அதற்கு இந்த இரட்டைப் பெயர். செப்டம்பர் 27 அன்று சூரியனிலிருந்து ஆறு கோடி கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான தொலைவில் வளைந்து திரும்பி, அக்டோபர் 12 அன்று பூமியை ஏறத்தாழ ஏழு கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்து, அதன் பிறகு மாலை வானில் மேற்கே தெரியும் என்று கணித்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை எந்த நாளும் தொடங்கலாம் என்றிருந்த தமிழ்நாட்டில் அதை நம்பிக் காத்திருக்க எனக்குத் துணிவில்லை.

காலை ஏழரை மணிக்கு லேயில் இறங்கியபோது வெயில் கண்ணைக் கூசியது. காற்று மட்டும் பனிக்கட்டியாக இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்துக்கு ஒரே தாவலில் வந்தவர்கள் முதல் நாள் படுத்தே கிடக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் அறிவுரை. விடுதி நடத்தும் அம்மாள் என்னைப் பார்த்ததும் “ஜூலே” என்று வணங்கி, கம்பீர் என்னும் தடித்த ரொட்டியையும் பாதாமிப்பழ ஜாமையும் வைத்துவிட்டு, மாடிப்படியில் அவசரமாக ஏறக் கூடாது என்று கையாலேயே சைகை காட்டினார். லடாக்கி மொழியில் ஒருவரை மரியாதையாக அழைக்கப் பெயருக்குப் பின்னால் ‘லே’ சேர்க்கிறார்கள். அந்த அம்மாள் ‘ஆமா-லே’. திருநெல்வேலிக்காரனான எனக்கு, வயதில் மூத்த ஓர் அம்மாளை நோக்கி ‘லே’ போடுவதற்கு நாக்கு எழவே இல்லை. மாலைக்குள் தலைவலி வந்துவிட்டது. எட்டு மணிக்கே உறங்கிப்போனேன்.

11 அக்டோபர், வெள்ளிக்கிழமை – லே

உறங்கியது பெரும் பிழை என்று காலையில் தெரிந்தது. நேற்றிரவு கடுமையான சூரியப் புயல் ஒன்று பூமியை எட்ட, ஹான்லேயில் துருவ ஒளி தோன்றி வானம் சிவந்திருக்கிறது. தேநீர்க் கடைக்காரர் தம் செல்பேசியில் வந்த படத்தைக் காட்டினார். மலைக்கு மேலே அடிவானம் முழுவதும் குங்குமம் கரைத்து ஊற்றினாற்போல் இருந்தது. அங்கேயே இருக்கும் அவருடைய மைத்துனர் அப்போது வெளியில்தான் நின்றிருந்தாராம். “எப்படி இருந்தது என்று கேட்டீர்களா?” என்றேன். “கேமராவில் பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது” என்றார் கடைக்காரர், தேநீருக்கு இருபது ரூபாயை வாங்கிக்கொண்டே.

இந்தப் பயணம் முழுவதற்கும் அந்தப் பதில் ஒரு முன்னறிவிப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இருட்டில் நாம் பார்ப்பது விழித்திரையின் கோல் செல்களால். அவற்றுக்கு நிறம் தெரியாது, சிவப்பு ஒளியோ அவற்றை ஏறக்குறைய எட்டுவதே இல்லை. மேலே இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் 630 நானோமீட்டர்ச் சிவப்பு, கண்ணுக்கு ஒரு மங்கிய சாம்பல் படலமாகத் தெரிந்தாலே அதிகம். கேமராவோ பத்து இருபது வினாடி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒளியைச் சேர்த்து விழுங்குகிறது. படத்தில் பொய்யில்லை, அங்கே நின்றவர் பார்க்காததும் பொய்யில்லை.

12 அக்டோபர், சனிக்கிழமை – லே

தலைவலி தணிந்தது. வால்மீன் இன்றுதான் மாலை வானுக்கு வருகிறது. சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் லேயைச் சுற்றிய மலைகளுக்கு மேல் அது தெரிய வாய்ப்பில்லை என்று அறிந்தும், சாந்தி ஸ்தூபி இருக்கும் குன்றுக்கு வண்டியில் ஏறிப் போனேன். ஐம்பது பேராவது கூடியிருந்தார்கள்.

சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழிந்திருக்கும். மேற்கு முகட்டுக்கு மேலே, ஆரஞ்சு நிறத்தில் சுடர்விடும் ஒரு சிறு கோடு தோன்றியது. கீழ்முனை கூர்மையாகவும் மேல்முனை விரிந்து மங்கியும் இருந்தது. “அதோ, காமெட்!” என்று ஓர் இளைஞர் கத்த, ஐம்பது செல்பேசிகளும் ஒருசேர உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது என்பதை மறைக்கவில்லை. நான் வைத்திருந்த 10x50 இருகண்நோக்கியில் அது இன்னும் அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் சிக்கல், ஏனென்றால் கூர்முனைக்கு முன்னால் ஓர் ஊசிமுனைப் புள்ளி மினுக்கிக்கொண்டு போனது. விமானம்! நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ பறக்கும் விமானத்தின் புகைத்தடம், பார்வைக் கோணத்தால் குறுகி, நிற்பதுபோலத் தோன்றும். தரையில் அந்தியான பிறகும் பத்து கிலோமீட்டர் உயரத்தில் வெயில் படுவதால் அது பொன்னாக எரியும். உண்மையான வால்மீன் அசையாது. விண்மீன்களோடு சேர்ந்து அமைதியாகச் சாயும். எரிநட்சத்திரத்தைப் போல ‘சர்’ரென்று பாயும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அதன் அசையாமைதான் முதல் ஏமாற்றம். நான்கு நிமிடம் பொறுத்திருந்தால் புகைத்தடம் நகர்ந்தும் கலைந்தும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நான்கு நிமிடத்துக்குள் பலர் படத்தை அனுப்பிவிட்டுக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் எவரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

13 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை – ஹான்லே

சிந்து நதியை ஒட்டியே ஏறத்தாழ 250 கிலோமீட்டர். உப்ஷி, சுமதாங், மாஹே பாலம், நியோமா என்று ஊர்கள் வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் கடந்தன. சுமதாங்கில் வெந்நீர் ஊற்றின் ஆவியைப் பார்த்துக்கொண்டே எண்பது ரூபாய்க்கு ஒரு மேகி சாப்பிட்டோம். வழியில் கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் கூட்டமாக நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்தன.

ஒரு சோதனைச் சாவடியில் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்த வீரர், முகவரியைப் படித்ததும் நிமிர்ந்து, “அண்ணே, பாளையங்கோட்டையா?” என்றார். அவருக்கு ஊர் வேலூர்ப் பக்கம். இரண்டாவது கேள்வி, “அல்வா கொண்டாந்திருக்கீங்களா?” கொண்டுபோயிருந்தேன். குளிரில் கல்லாக இறுகிப்போன அரைக்கிலோப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்ததற்கு, இரண்டு நாள் தலைவலியும் தகும். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் அவர் கேட்டது என்னை யோசிக்க வைத்தது: “மாசத் தொடக்கத்துல காவல் முடியற நேரத்துல கிழக்கால ஒண்ணு பார்த்தோம்ணே, வாலோட. நீங்க மேற்கால வருதுன்னு சொல்றீங்க. அப்ப இது வேறயா?”

இரண்டும் ஒன்றுதான். விடியலில் சூரியனுக்கு முன்னால் எழுந்தது, சூரியனைச் சுற்றி வந்து, அந்தியில் சூரியனுக்குப் பின்னால் மறைகிறது. ஆனால் அவர் கேள்வி எளிதானதன்று. 1680ஆம் ஆண்டின் பெரும் வால்மீனும் இப்படியே நவம்பரில் விடியலிலும் டிசம்பரில் அந்தியிலும் தோன்றியது. இரண்டும் ஒன்றே என்று வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் சொன்னபோது, அவை இரண்டு வெவ்வேறு வால்மீன்கள் என்றே நியூட்டன் முதலில் கருதினார். இதைச் சொன்னதும், “நியூட்டனுக்கே அப்படின்னா சரிதாண்ணே” என்று தடுப்புக் கட்டையை உயர்த்தினார் வேலூர்த் தம்பி.

ஹான்லே கிராமம் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீட்டு விடுதிக்கு மூன்று வேளை உணவோடு நாளுக்கு 1,800 ரூபாய். இருட்டத் தொடங்கியதும் அந்த வீட்டு அம்மாள் சன்னல்களில் தடித்த கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டார். வெளிச்சம் கசியாமல் இருப்பது இங்கே வீட்டுக் கதவைப் பூட்டுவதைப்போல அன்றாட வழக்கம்.

அவசரமாக முக்காலியை நிறுத்தினேன். அங்கேதான் பழக்க தோஷம் வந்து கெடுத்தது. ஊரில் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல, லென்ஸின் மேல் ‘ஹா’ என்று ஊதித் துணியால் துடைத்தேன். சுழியத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்த குளிரில், மூச்சின் ஈரம் துடைப்பதற்கு முன்பே மெல்லிய உறைபனியாகக் கண்ணாடியில் படிந்துவிட்டது; கையுறையும் இருட்டும் சேர்ந்ததால் எனக்கு அது தெரியவில்லை. தென்மேற்கு மலைக்கு மேல் தாழ்ந்திருந்த ஒளிப்புள்ளியை நோக்கி எட்டு வினாடி திறந்து வைத்தேன். முடியும் தறுவாயில் முக்காலியின் ஒரு கால் சரளையில் சறுக்கியது. திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் மூச்சே நின்றுபோயிற்று: பஞ்சுபோன்ற ஒளிவட்டத் தலை, அதிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து மெலியும் வால். ஊருக்கு அனுப்பிவிட்டேன். செல்பேசித் தொடர்பு விட்டு விட்டு வரும் அந்த ஊரில், அந்தப் படம் மட்டும் உடனே போய்ச் சேர்ந்தது.

அது வெள்ளிக் கோள். ஒளிவட்டம் உறைபனியின் கைவேலை, வால் முக்காலியின் கைவேலை. வால்மீனோ அந்நேரத்தில் அதற்கு வலப்பக்கம் தள்ளி, மலை முகட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான், லென்ஸில் கை விளக்கின் சிவப்பு ஒளியை அடித்துப் பார்த்தபோது, நான் செய்தது புரிந்தது.

14 அக்டோபர், திங்கட்கிழமை – ஹான்லே

பகலில் ஏறிப் பார்க்க இரண்டு இடங்கள்: பதினேழாம் நூற்றாண்டு மடாலயம், 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்திய வானாய்வகம். அங்குள்ள இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கியை இயக்குபவர்கள் அங்கே இருப்பதில்லை. பெங்களூருக்கு அருகே ஓசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்குகிறார்கள். சற்றுத் தள்ளி, பத்து நாள்களுக்கு முன்பு திறந்துவைக்கப்பட்ட மேஸ் காமாக் கதிர்த் தொலைநோக்கியின் 21 மீட்டர் ஆடித்தொகுதி, வெயிலில் வானத்தையே துண்டு துண்டாக வெட்டிக் காட்டியது. இருபது படி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றேன். மதிய உணவு, வறுத்த வாற்கோதுமை மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்த உருண்டை. அதை அவர்கள் ‘சம்பா’ என்கிறார்கள். சம்பா என்றதும் அரிசிச் சோறு வருமென்று காத்திருந்தவனுக்கு நம் ஊர்ச் சத்துமாவு வந்து சேர்ந்தது.

மாலை 6.20. வெள்ளி இடப்பக்கம், சுவாதி விண்மீன் வலப்பக்கம், இரண்டுக்கும் நடுவே வால்மீன். அதைக் கண்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் சொல் “இவ்வளவுதானா?” என்பது, நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. சுவாதிக்கு நிகரான ஒளி என்று படித்துவிட்டு வந்திருந்தேன். வால்மீனுக்குச் சொல்லப்படும் ஒளியளவு, அதன் ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் திரட்டினால் எவ்வளவோ அவ்வளவு. ஒரு கரண்டி நெய்யை ஓர் இட்லியின் மேல் ஊற்றுவதற்கும், அதே நெய்யை முப்பது இட்லிக்குத் தடவுவதற்கும் உள்ள வேறுபாடுதான் விண்மீனுக்கும் வால்மீனுக்கும். அடிவானத்தின் தடித்த காற்று பாதி ஒளியைத் தின்றுவிட்டு, மிச்சத்துக்கு மஞ்சள் பூசி அனுப்பியிருந்தது.

ஆயினும் வானம் இருள இருள அது வளர்ந்தது. தலை ஒரு மங்கிய முத்து. அதிலிருந்து மேலே, சற்று இடம் சாய்ந்து, வால். பழந்தமிழில் வால்மீனுக்குப் புகைக்கொடி என்றொரு பெயர் உண்டு. அழகான பெயர்தான், அழகான ஏமாற்றமும்கூட. புகை என்றதும் ஓடுகிறவனின் பின்னால் விட்டுச் செல்லப்படுவது என்றே மனம் கொள்கிறது. வால்மீன் சூரியனை நெருங்கும்போதுதான் வால் பின்னால் வரும். விலகிச் செல்லும்போது, இப்போது செல்வதுபோல, வால் முன்னே போகத் தலை பின்னே போகிறது. சூரியனின் ஒளியழுத்தமும் சூரியக் காற்றும் எப்பக்கம் தள்ளுகின்றனவோ வாலின் போக்கு அப்பக்கம்.

இதை எனக்கு நானே சொல்லித் தேற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கேமரா வேறொன்றைக் காட்டியது. 50 மி.மீ. லென்ஸில் ஆறு வினாடிப் படம்: மேல்நோக்கிய வாலோடு, தலையிலிருந்து கீழ்நோக்கி, மறைந்த சூரியனை நோக்கியே நீளும் மயிரிழை போன்ற ஒரு வெண்கோடு. நேற்றைய வெட்கத்தால் இன்று எதையும் நம்புவதில்லை என்ற முடிவோடு இருந்தேன். லென்ஸில் கீறலா? துடைத்தேன், ஊதாமல். கோடு அப்படியே இருந்தது. கேமராவைச் சாய்த்து எடுத்தேன். கீறலாக இருந்தால் சட்டத்தோடு சாய்ந்திருக்கும், கோடோ வால்மீனோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வெவ்வேறு நீளத்துக்குத் திறந்து வைத்தும், வேறு லென்ஸ் மாட்டியும் பார்த்தேன். இருக்கிறது!

பயிற்சி பெற்ற உள்ளூர் வான வழிகாட்டிகள் இங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உண்டு. அவர்களில் ஓர் இளம்பெண் பக்கத்து முற்றத்தில் சுற்றுலாக் குடும்பம் ஒன்றுக்குத் தொலைநோக்கி காட்டிக்கொண்டிருந்தார். என் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, “எதிர்வால். உங்கள் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். வால்மீன் தன் பாதை நெடுகச் சிந்திய கனத்த தூசுத் துகள்கள், ஒளியழுத்தத்தால் எளிதில் தள்ளப்படாமல், பாதையின் தளத்திலேயே ஒரு மெல்லிய விரிப்பாகக் கிடக்கின்றன. அப்பளத்தை முகத்துக்கு நேரே பிடித்தால் வட்டம், விளிம்பாகப் பிடித்தால் கோடு. அக்டோபர் 14 அளவில் பூமி அந்தத் தளத்தைக் குறுக்கே கடந்ததால், விரிப்பு முழுவதும் நமக்கு விளிம்பாகத் திரும்பி, ஒளி குவிந்து கோடாயிற்று. இதில் பெரிய வேடிக்கை, சூரியனை நோக்கி நீள்வதாகத் தெரியும் அந்தத் தூசு உண்மையில் சூரியனை நோக்கி இல்லை. வால்மீனின் பாதைக்கு வெளிப்புறத்தில், அதற்குப் பின்தங்கிக் கிடப்பது, நாம் நிற்கும் கோணத்தால் தலைக்குக் கீழே வந்து விழுந்ததாகத் தோன்றுகிறது. தண்டவாளங்கள் தொலைவில் கூடுவதாகத் தெரிவதற்கு உறவினன். 1957ஆம் ஆண்டு ஆரெண்ட்-ரோலண்ட் வால்மீன் இப்படியொரு கூர்முனையைக் காட்டியே பெயர் பெற்றது. நான் பிழை என்று ஒதுக்க இருந்தது, அன்றைய இரவின் அரிய காட்சி. நேற்று உண்மை என்று கொண்டாடியதோ உறைபனி. மனம் நொந்துகொள்ளவும் இல்லை, சிரிக்கவும் முடியவில்லை.

6.50க்கெல்லாம் தலை மலைக்குப் பின்னால் போய்விட்டது. துக்பா என்னும் சூடான நூடுல்ஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு, பத்து மணிக்கு மறுபடி வெளியே வந்தேன். கிழக்கு முகட்டுக்கு மேலே வியாழன் கோள் தனியே எரிந்துகொண்டிருந்தது. அதையே உற்றுப் பார்த்தபடி நின்றபோது, அது மெல்ல இடப்பக்கம் நழுவி, நின்று, மேலே ஏறியது. எல்லைப்புற ஊரில் நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், தானே நகரும் ஒளியைக் காண்பது வயிற்றில் புளியைக் கரைக்கும் அனுபவம். வீட்டுச் சுவரின் விளிம்பில் அது தொட்டுக்கொண்டிருக்குமாறு தள்ளி நின்று பார்த்தேன். அசையவே இல்லை. சுற்றிலும் ஒப்பிட எதுவும் இல்லாத இருட்டில், நம் விழிகளின் இடையறாத சிறு அசைவை மூளை பொருளின் அசைவாகக் கணக்கெழுதிவிடுகிறது. 1799இல் தெனரீப் தீவின் மலையில் ஏறிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், விண்மீன்கள் ஊசலாடுவதாகப் பதிவு செய்தது இதைத்தான். 2012-13இல் இதே லடாக்கில், பாங்காங் ஏரிப் பகுதியின் காவல் வீரர்கள் மாதக்கணக்கில் கணக்கெடுத்த மர்ம ஒளிகளை, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து வியாழனும் வெள்ளியும் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. அன்று அதைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இன்று ஹான்லேயில் பத்து நிமிடம் நின்ற பிறகு சிரிப்பு வரவில்லை.

15 அக்டோபர், செவ்வாய்க்கிழமை – ஹான்லே

வழிகாட்டிப் பெண் நேற்றே சொல்லியிருந்தார்: “வால்மீனைப் பார்க்காதீர்கள். அதன் பக்கத்தில் பாருங்கள்.”

இன்று வால்மீன் நேற்றைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. ஒரே நாளில் முழுநிலவின் அகலத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் நகர்ந்திருக்கிறது. நேராகப் பார்த்தபோது வால், நீட்டிப் பிடித்த என் கைமுட்டியின் பாதியளவு, அதாவது ஐந்து பாகை. பார்வையைச் சுவாதியின் பக்கம் சற்று நகர்த்தியதும், கடைக்கண்ணில் அது இரட்டிப்பாக நீண்டது. திரும்பி நேராகப் பார்த்தால் சுருங்கியது. விழியின் நடுமையத்தில் கோல் செல்கள் இல்லை. மங்கிய ஒளியை உற்றுப் பார்ப்பது அதைத் தொலைப்பதற்கான வழி. இதில் எந்த வால் உண்மையான வால்? நீண்டதும் அல்ல, ஏனென்றால் கேமராவில் அது இன்னும் நீளம். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் தேவை என்பது தெரிந்ததே. ஆனால் இந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதந்தான் என்பதையும், அந்தக் குறையை உடலில் முதலில் உணரும் உறுப்புகளில் ஒன்று இரவுப் பார்வை என்பதையும் நான் யோசித்ததே இல்லை. ஆழமாகப் பத்து முறை மூச்சிழுத்துவிட்டுப் பாருங்கள் என்றார் அவர். பார்த்தேன். வால் சற்றே தெளிந்ததாகத் தோன்றியது. தோன்றியது என்றே எழுதுகிறேன். இவ்வளவுக்குப் பிறகு இதற்குமேல் துணிவில்லை.

7 மணிக்கு ஒரு சுற்றுலா வண்டி, விதியை மறந்து, முகப்பு விளக்கோடு சாலை வளைவில் திரும்பியது. அந்த நொடியில் எடுத்த படத்தில் வால்மீனுக்கு வலப்பக்க மேல் மூலையில், பச்சை நிறத்தில் ஒரு பஞ்சுத் தலை! வால்மீன்களின் தலையில் இரட்டைக் கரிம மூலக்கூறு உமிழும் பச்சை ஒளி உண்டு என்று படித்ததெல்லாம் நினைவுக்கு வர, இரண்டாவது வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு நிமிடம் மனக்கோட்டை கட்டினேன். சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு அமெரிக்காவில் மாணவராக இருந்த 1949இல் எடுத்த ஒளிப்படத் தட்டில்தான் ஒரு வால்மீன் சிக்கியது. எனக்கும் சிக்கக் கூடாதா? சிக்காது. விளக்கு படத்தின் இடக் கீழ் மூலையில், பச்சைத் தலை வல மேல் மூலையில், இரண்டையும் இணைத்துக் கோடு போட்டால் நடுவே படத்தின் மையம். நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி லென்ஸைக் காப்பதற்காக மாட்டியிருந்த தட்டைக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையே விளக்கொளி எதிரொளித்துப் பிறந்த ஆவி அது. கேமராவைத் திருப்பினால் விளக்கு ஒரு பக்கம் போக, ஆவி எதிர்ப்பக்கம் போகும். வால்மீன் விண்மீன்களோடுதான் போகும். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன்.

இந்தப் பயணத்தில் என்னை உண்மையில் நிறுத்திவைத்த காட்சி ஏழரை மணிக்கு வந்தது. தலை முகட்டைத் தொட்டு, மெல்ல அமிழ்ந்து, இல்லாமல் போனது. வால் போகவில்லை. நிலவொளியில் சாம்பல் நிறமாகக் கிடந்த மலையின் உச்சியிலிருந்து, அடியில்லாத ஒரு வெண்புகைபோல அது நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் நின்ற புனே நகரத்து முதியவர், அந்தப்பக்கம் யாராவது நெருப்பு மூட்டியிருக்கிறார்களா என்று கேட்டார். புகை இல்லை, வால்மீனின் வால், அடி மலைக்குப் பின்னால் என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அந்த மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது போலவே இருக்கிறது” என்றார். எனக்கும் அப்படியே இருந்தது. மலை சில கிலோமீட்டர் தொலைவு, வால்மீன் ஏழு கோடிக்கும் மேல். புகைக்கொடி என்று பெயர் வைத்தவர்களோடு எனக்கிருந்த வழக்கை அன்றிரவே கைவிட்டேன்.

16 அக்டோபர், புதன்கிழமை – லே

திரும்பும் வழியில் சாவடியில் வேறு வீரர்கள்; வேலூர்த் தம்பியைக் காணவில்லை. குளிரில் இரண்டு மின்கலங்கள் செத்திருந்தன.

விடுதியில் நாற்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். விண்மீன்களைப் பொருத்தி அடுக்கினால் வால்மீன் இழுபட்டுக் குழம்பியது. வால்மீனைப் பொருத்தி அடுக்கினால் விண்மீன்கள் கோடுகளாயின. இரண்டையும் தனித்தனியே அடுக்கி வெட்டி ஒட்டினால் எல்லாம் கூர்மையாக வரும். அப்படி ஒரு கணம் வானத்தில் இருந்ததே இல்லை என்பதுதான் இடர். மலைகளுக்கு இடையே அவ்வளவு பெரிதாகத் தெரிந்த வால், படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அடிவானத்து நிலவைப் பெரிதாகக் காட்டும் அதே மனம்தான் இதையும் பெரிதாக்கியிருக்கிறது. மடாலயத்தின் மேல் மாபெரும் வால் தொங்கும் படங்களைப் பிறர் காட்டும்போது போலி என்று எண்ணியிருக்கிறேன். தொலைவில் நின்று நீண்ட லென்ஸில் எடுத்தால் மடாலயம் சிறுத்து, வால் அப்படியே இருக்கும். அது போலியில்லை. ஆனால் அங்கே நின்ற எவரும் அதைக் கண்டதும் இல்லை.

19 அக்டோபர், சனிக்கிழமை – பாளையங்கோட்டை

ஊரில் வானம் மூடிக் கிடக்கிறது. எதிர்வால் தெரியும் படத்தைக் குடும்பக் குழுவில் பகிர்ந்தேன். “எங்கே?” என்று மாமா கேட்டார். வட்டம் போட்டு அனுப்பினேன். “சரி” என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். நாட்காட்டிக்குப் பக்கத்தில், புதுச் சட்டத்துக்குள், 13ஆம் தேதிப் படம்: பஞ்சுத் தலையும் சாய்ந்த வாலுமாக என் உறைபனி வெள்ளி. அம்மா ஸ்டுடியோவில் கொடுத்து முந்நூற்றைம்பது ரூபாய்க்குச் சட்டம் போட்டிருக்கிறாள். தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். லென்ஸில் ஊதியது, முக்காலி சறுக்கியது, அது வால்மீனே இல்லை, வெள்ளி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

“வெள்ளியா இருந்தா என்னல, வாலு இருக்குல்லா? எங்க ஆச்சி காலத்துல அதுக்கு வால்வெள்ளின்னுதான் பேரு” என்று சொல்லிவிட்டு, சட்டத்தின் கண்ணாடியில் ‘ஹா’ என்று ஊதி, முந்தானையால் துடைத்தாள்.